பூமியை நிறுத்திய முட்டுக்கட்டை

எங்கள் ஊர்த் தேரை நிறுத்துவதும் திருப்புவதும் சக்கரத்தடியில் போடும் முட்டுக்கட்டைதான். முன்சக்கரத்துக்குக் கட்டை போடுகிறவருக்குத் தலையில் பரிவட்டம் கட்டுவார்கள். ஆறு வருஷமாகப் பின்சக்கரத்திலேயே கிடந்த சேவுகனுக்கு அந்தப் பரிவட்டத்தின் மேல் தீராத ஆசை. இந்த வருஷம் முன்சக்கரத்துக்குப் புது ஆள் போடுகிறார்கள் என்று தெரிந்ததும், கோயில் மண்டபத்தில் அறங்காவலர் நாச்சியப்பன் முன்னால் போய் நின்று ஆரம்பித்துவிட்டார்.

"பக்கத்து ஊர்த் தேருக்கு என்னையத்தான் கூப்பிட்டாங்கய்யா. ஆயிரம் பேரு வடம் பிடிக்கிறாங்க, தேரு அசையல. நின்ன பொருளு நின்னபடிதானே நிக்கும், ஒருத்தன் தள்ளுற வரைக்கும்? பின்னால போயி லேசாத் தோள் குடுத்தேன். கெளம்பிருச்சு."

"ஆயிரம் பேருக்கு வராதது ஒன் தோளுக்கு வந்துருச்சாக்கும்" என்றார் பந்தல்காரர் அடைக்கலம்.

"முட்டுக்கட்டையைச் சக்கரத்துக்குத்தான் போடணும் அடைக்கலம், பேச்சுக்குப் போடக் கூடாது. கெளம்புன தேருக்கு நாலு வீதியும் பத்தல, பைபாஸ்ல ஏறிருச்சு. ஓடுறதும் அப்படித்தானே, தடுக்க ஆளில்லாட்டி ஓடிக்கிட்டே இருக்கும். மதுரை பஸ்ஸை ஓவர்டேக் பண்ணுது. எறும்பு ஓடியாந்து மோதுனா தட்டி விட்டுரலாம். எருமை நடந்து வந்து மோதுனாலே எலும்பை எண்ணணும். இது தேருங்கய்யா, எடையும் வேகமும் சேந்து வருது. குறுக்க பாஞ்சு ஒரே கட்டை. நின்னுருச்சு."

"அப்புறம்?" என்றார் நாச்சியப்பன்.

"தேருதான் நின்னுச்சு. மேல இருந்த குருக்கள் நிக்கல. வந்த வேகத்துல பதினெட்டு மைல் பறந்து, வேறொரு ஊர்த் தேருல போயி உக்காந்துட்டாரு. கையில தட்டு இருக்கு, சூடம் அணையல. அங்கயே தீபாராதனை காட்டிட்டு பஸ் ஏறி வந்தாரு."

"கட்டை உடையலயா?" என்றார் அடைக்கலம்.

"தேரு கட்டையைத் தள்ளுது, அதே அளவு கட்டை தேரைத் தள்ளுது. ரெண்டும் விட்டுக்குடுக்கல. கட்டை தரையையும் தள்ளுச்சு, அதுலதான் வினையே. சுத்திக்கிட்டிருந்த பூமி நின்னுபோச்சு. சூரியன் உச்சியிலயே நிக்குது, கோழியெல்லாம் எப்ப அடையுறதுன்னு தெரியாம முழிக்குது. பாவமேன்னு நான்தான் பூமியைக் கெழக்க ஒரு உதை விட்டேன். அது சுத்த ஆரம்பிச்சுருச்சு. ஆனா அது என்னைய மேற்க உதைச்சதுல குமுளியில போயி விழுந்தேன்."

நாச்சியப்பன் வெற்றிலையை மென்று முடித்தார்.

"சேவுகா, முன்சக்கரத்தை உனக்குத்தான் குடுக்கணும்னு முடிவு பண்ணியிருந்தேன்."

சேவுகன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார்.

"ஆனா இவ்வளவு பலமுள்ள ஆளைத் தேருகிட்ட விடுறது ஆபத்து. பூமி நின்னா ஊரு உலகத்துத் திருவிழா எல்லாம் கெட்டுப்போகும். நீ நீர்மோர்ப் பந்தல்ல நில்லு."

சேவுகனின் முகம் செத்துப்போனது.

"அங்கயும் கவனம்ப்பா. சொம்பை மெதுவா வை."