வேப்பிலை கட்டிய இலுப்பை மரம்

"வெளியே பார்த்தா எவ்வளவு கம்பீரம்! உள்ளே வெறும் பொந்துதான், அண்ணே!"

பல்லக்குத் தூக்கி ஒருவன் பக்கத்தில் இருந்தவனிடம் முணுமுணுத்தது, திரைக்குள் இருந்த மன்னர் காதில் விழுந்துவிட்டது. முன்னொரு காலத்தில் பூவனூர் நாட்டை ஆண்ட மகிழமாறன்தான் அந்த மன்னர். நல்லவர்தான். ஆனால் எங்கே யார் சிரித்தாலும் தம்மைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று நினைப்பவர்.

"யாரைச் சொன்னாய்?" என்று திரையை விலக்கினார்.

"ஐயோ சாமி! அதோ, அந்த இலுப்பை மரத்தைச் சொன்னேன்!"

வயலோரம் கிழட்டு இலுப்பை ஒன்று நின்றது. உடம்பெல்லாம் பொந்துகள். மன்னருக்குச் சமாதானம் ஆகவில்லை.

"நம் நாட்டில் இனிப் பொந்து மரமே இருக்கக் கூடாது. முதலில் இதை வெட்டுங்கள்!"

வயலுக்குச் சொந்தக்காரி செங்கேணி, அமைச்சர் திருமேனியிடம் ஓடினாள். "ஐயா, அந்த மரத்துப் பொந்துங்கள்ல ஆந்தைங்க இருக்கிறதாலதான் என் நெல்லை எலி விட்டுவைக்குது. மரம் போனா விளைச்சல் மொத்தமும் எலிக்குத்தான். பிள்ளைங்களுக்கு நான் என்னத்தைப் பொங்கிப் போடுவேன்?"

அமைச்சர் அவளோடு போய் மரத்தைச் சுற்றி வந்தார். அண்ணாந்து பார்த்தபடி வெகுநேரம் நின்றார். பிறகு அரசவைக்குப் போனார்.

அவர் வாயைத் திறக்கும் முன்பே மராமத்து அதிகாரி செண்டலங்காரர் முந்திக்கொண்டார். அமைச்சரின் ஆசனத்தின்மேல் அவருக்கு நெடுநாளாக ஒரு கண். "மன்னா, தங்கள் ஆணையை எதிர்த்துப் பேச வந்திருக்கிறார்!"

"எதிர்த்து ஒரு வார்த்தை பேசினாலும் பதவி போய்விடும், திருமேனி," என்றார் மன்னர்.

"பேசவே மாட்டேன் மன்னா. நாளைக் காலை முதல் வெட்டு விழும்போது தாங்களும் வர வேண்டும். அவ்வளவுதான்."

காலையில் போய்ப் பார்த்தால், அடிமரத்தில் ஒரு வேப்பிலைக் கொத்து கட்டியிருந்தது. கோடாரிக்காரர்கள் தள்ளியே நின்றார்கள். அந்த நாட்டில் பிள்ளை பெற்றவள் இருக்கும் வீட்டு வாசலில் வேப்பிலை கட்டுவார்கள். அந்த வாசலை வரி வசூலிப்பவன்கூட மிதிக்க மாட்டான். மீறித் தொல்லை செய்தவன், பிள்ளை வளரும் வரை அந்தத் தாய்க்குத் தன் கையால் சோறு போட வேண்டும். இளவரசர் பிறந்தபோது மன்னரே போட்ட சட்டம் அது.

"மரத்துக்கு என்னய்யா பிரசவம்?" செண்டலங்காரர் வேப்பிலையைப் பிய்த்து எறிந்தார். கிளையில் இருந்த பறவை ஒன்று கீச்சென்று கத்தியது. "நீ வேறயா!" என்று அதன்மேல் ஒரு கல்லை விட்டார். அலகில் பிடித்த பழத்தோடு அது பறந்து மறைந்தது.

மன்னருக்கு ஒன்றும் புரியவில்லை. "என்ன இது, திருமேனி? இப்போது பேசலாம்."

"மேலே அந்தப் பொந்தைப் பாருங்கள், மன்னா. வாயை மண் பூசி அடைத்திருக்கிறது. உள்ளே இருவாச்சிப் பறவையின் தாய் இருக்கிறாள். குஞ்சு வளரும் வரை தன்னையே உள்ளே வைத்துப் பூசிக்கொள்வாள். ஒரு சின்னச் சந்து வழியாகப் புருஷன் பழம் ஊட்டுவான். அந்தப் புருஷனைத்தான் நம் அதிகாரி இப்போது விரட்டிவிட்டார்."

சந்திலிருந்து ஓர் அலகு நீண்டது. காற்றைக் கொத்திவிட்டு உள்ளே போனது.

மன்னர் அடக்கப் பார்த்தும் முடியாமல் சிரித்துவிட்டார். "பிரசவ வீட்டையா இடிக்கச் சொன்னேன்! ராணி காதுக்குப் போனால் எனக்கே சோறு கிடைக்காது. செங்கேணி, உன் மரம் நிற்கட்டும். வயல்களில் உள்ள பொந்து மரம் ஒவ்வொன்றும் இன்றுமுதல் ஒரு வீடு. யாரும் கை வைக்கக் கூடாது!" கழுத்து முத்துமாலையைக் கழற்றி அமைச்சருக்குப் போட்டார்.

செண்டலங்காரர் மெல்ல நழுவப் பார்த்தார்.

"எங்கே கிளம்பிவிட்டீர்? சட்டம் என்ன ஆவது? ஊட்டும் வேலை இனி உம்முடையது."

"மன்னா, எனக்கு மரம் ஏறத் தெரியாதே!"

"ஏணி இருக்குதுங்க," என்றாள் செங்கேணி. "அத்திப்பழமும் பொறுக்கித் தர்றேன்."

செண்டலங்காரர் தலைப்பாகையை அவிழ்த்து வரப்பில் வைத்தார். ஏணியில் ஏறினார். ஓர் அத்திப்பழத்தை அந்தச் சந்துக்குள் நீட்டினார்.