கையால் எழுதிய வழி

“பதிலும் வரல. போனது திரும்பியும் வரல. அப்போ அது எங்க போகுது, டீச்சர்?”

தவமணி கேட்டார்.

ஜெயசீலி திரும்பிப் பார்க்கவில்லை. அவள் முன்னால் திரையில் எண்கள் ஏறிக்கொண்டிருந்தன.

“போனதை எதுக்குத் தேடுதீங்க அண்ணாச்சி? அதைப் போகச் சொன்னது யாருன்னு கேளுங்க.”

தவமணி காப்பித் தம்ளர்களைக் கழுவ எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

*

பொட்டல்முடியின் உச்சியில் ஒரு தகரக் கொட்டகை. பக்கத்தில் ஒரு டவர். மலையிலுள்ள இருபத்திரண்டு குடியிருப்புகளின் பேச்சும் செய்தியும் அங்கே வந்துதான் பிரிந்து போகும். பிரித்து அனுப்புவது ரூட்டர். கொட்டகையின் சுவரில், அரிசி அளக்கும் படியைவிடச் சிறியதாக, பச்சை விளக்குகளைச் சிமிட்டிக்கொண்டு இருக்கும்.

ஜெயசீலிக்கு முப்பத்து மூன்று வயது. தவமணிக்கு ஐம்பத்தேழு. முப்பது வருஷம் டெலிபோன் கம்பி இழுத்தவர். கம்பி போயிற்று, வேலையும் போயிற்று. இங்கே வந்து அவளிடம் புதிதாகக் கற்றுக்கொண்டார். டீச்சர் என்று முதலில் கிண்டலாகத்தான் கூப்பிட்டார். நீங்க ஒத்தை விரலால தட்டுத தட்டுல மெஷினுக்கே தூக்கம் வந்துரும் என்று அவளும் திருப்பிக் கொடுத்தாள். அந்தக் கிண்டல் எந்த நாளில் தேய்ந்து போனதென்று இருவருக்கும் தெரியாது.

சேர்ந்த முதல் நாள் அவர் ரூட்டரைக் காட்டிக் கேட்டார், போகிற வழி முழுக்க இதற்குத் தெரியுமா என்று.

“தெரியாது. அடுத்த வீடு தெரியும்.”

“அடுத்த வீட்டுக்கு?”

“அதுக்கு அடுத்த வீடு தெரியும்.”

“முழு வழியும் யாருக்குத்தான் தெரியும்?”

“யாருக்கும் தெரியாது.”

அன்று அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

வடிவு அப்போது இருந்தாள்.

*

வடிவு அவருடைய ஒரே மகள். மேல்வரிசை எஸ்டேட்டின் மருந்தகத்தில் நர்ஸ்.

தவமணி தினமும் காலை ஆறரை மணிக்கு மருந்தகத்து ரூட்டருக்கு ஒரு சின்னச் செய்தி அனுப்புவார். இருக்கிறாயா என்று மட்டும் கேட்கும் செய்தி. வழி சரியாக இருக்கிறதா என்று பார்க்க இந்த வேலை செய்கிறவர்கள் எல்லோரும் அனுப்புவதுதான்.

அதற்கு இரண்டே பதில்கள். ரூட்டர் இருந்தால், இருக்கிறேன் என்று சொல்லும். இல்லாவிட்டால், அதற்கு முந்தின ரூட்டர், அப்படி ஒரு வீடு இங்கே இல்லை என்று சொல்லி அனுப்பும்.

மருந்தகத்தைத் திறந்ததும் வடிவுதான் ரூட்டருக்கு சுவிட்ச் போடுவாள். ஆகவே, இருக்கிறேன் என்று வந்தால், அவள் நல்லபடியாக வந்து சேர்ந்துவிட்டாள் என்று பொருள். அது வந்த பிறகுதான் அவர் காப்பி குடிப்பார்.

ஐப்பசி மழையில் மலை சரிந்தது.

மேல்வரிசையின் பாதியை மண் மூடியது. மருந்தகம் அந்தப் பாதியில் இருந்தது. பதினோரு உடல்களை எடுத்தார்கள். வடிவை எடுக்க முடியவில்லை. மிச்ச வீடுகளைக் காலி செய்து ஆட்களை அடிவாரத்து முகாமுக்குக் கொண்டுபோனார்கள்.

ஏழு மாதமாகத் தவமணி ஆறரை மணிக்கு அதே செய்தியை அனுப்பிக்கொண்டிருக்கிறார்.

இருக்கிறேன் என்று வரவில்லை. இல்லை என்றும் வரவில்லை.

இல்லை என்று வராததை வைத்துக்கொண்டு அவர் ஒவ்வொரு நாளையும் கடத்தினார்.

*

மறுநாள் அவர் வேறு மாதிரி கேட்டார். போய்ச் சேர இடமில்லாத செய்தி காலம் பூராவும் அலைந்துகொண்டே இருக்குமா?

ஜெயசீலி டப்பாவைத் திறந்து அவர் கையில் ஒரு பிடி நிலக்கடலையைப் போட்டாள்.

“பத்து அடிக்கு ஒண்ணு தின்னுங்க. தீர்ந்த இடத்துல நில்லுங்க.”

“எந்தப் பக்கமா நடக்க?”

“உங்க கால் போற பக்கம்.”

அவர் கிழக்கே நடந்தார். கடலை தீர்ந்தபோது சரிவின் விளிம்பில் நின்றிருந்தார். எதிரே பச்சை மலையின் நடுவில், தோல் உரித்ததுபோல் செம்மண். மேகம் வந்து அதை மூடும் வரை நின்றார்.

திரும்பி வந்து, அங்கே நின்று என்ன செய்வது என்று கேட்டார்.

“ஒண்ணும் இல்ல அண்ணாச்சி. செய்திக்கும் இத்தனை வீடுன்னு எண்ணிக் கொடுத்துத்தான் அனுப்புதோம். தீர்ந்தா விழுந்துரும்.”

“விழுந்ததை யாரு எடுப்பா?”

“யாரும் எடுக்கது இல்ல.”

*

அதற்கு அடுத்த நாள் காலையில் மாடத்தி ஏறி வந்தாள்.

தேயிலை பறிக்கிறவள். அறுபதை நெருங்கியவள். கொட்டகை வாசலில் உட்கார்ந்து, சுருக்குப் பையிலிருந்து சுண்ணாம்பை எடுத்துக் காலில் ஒட்டியிருந்த அட்டைகளை ஒவ்வொன்றாகத் தொட்டு விழவைத்தாள். தான் மேல்வரிசையிலிருந்து வருவதாகச் சொன்னாள்.

மேல்வரிசையில்தான் யாரும் இல்லையே என்றாள் ஜெயசீலி.

“அப்போ நான் பேயாத்தான் இருக்கணும். பேய்க்குக் காப்பி உண்டா, இல்ல இந்தக் கம்பத்தைப் பார்த்துட்டு இறங்கணுமா?”

தவமணி அடுப்பைப் பற்ற வைத்தார்.

காப்பியைக் குடித்துக்கொண்டே அவள் சொன்னாள். முகாமில் கிடக்க முடியவில்லை. இடியாத வீடுகள் ஒன்பது. பங்குனியில் அந்த ஒன்பது வீட்டுக்காரர்களும் தாங்களாகவே திரும்பிப் போய்விட்டார்கள். பக்கத்துக் கூட்டாற்று இளவட்டங்கள் தங்கள் டவரிலிருந்து அவர்களுக்கு ஒரு இணைப்பு இழுத்துக் கொடுத்தார்கள். ஒரு பேச்சுப்பெட்டியும் கொடுத்தார்கள். பொத்தானை அழுத்திப் பேசினால், கூப்பிடுகிற இடத்தில் கேட்கும். பதில் சொல்கிறவர் அவர் பக்கத்துப் பொத்தானை அழுத்திச் சொல்லவேண்டும்.

சித்திரையில் ஒரு நாள் காலை அவள் வீட்டுக்காரர் உச்சிமாகாளிக்கு நெஞ்சு வலித்தது. மாடத்தி பொத்தானை அழுத்தி அடிவாரத்து ஆஸ்பத்திரியிடம் சொன்னாள். பதில் இல்லை. மறுபடியும் சொன்னாள். அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு, பெட்டியைக் காதில் வைத்துக்கொண்டு, உச்சிவேளை வரை இருந்தாள்.

ஆஸ்பத்திரியில் கேட்டிருக்கிறது. பதிலும் சொல்லியிருக்கிறார்கள். ஜீப் இரண்டாம் வளைவுக்கு மேல் ஏறாது, அங்கே தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார்கள். ஜீப் வந்து இரண்டு மணி நேரம் நின்றுவிட்டுப் போயிருக்கிறது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து அவள் ரேஷனுக்கு இறங்கியபோது டிரைவர் கேட்டாராம், ஏன் வரவில்லை என்று.

மாடத்தி இதை அழாமல் சொன்னாள். தம்ளரைக் கீழே வைத்தாள்.

“நான் சண்டைக்கு வரல தாயி. அந்தப் பெட்டிக்குக் காது இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க. தூக்கி ஓடையில போட்டுருதோம். அன்னைக்கு அது இல்லைன்னா நாலு ஆளைக் கூப்பிட்டு நானே தூக்கிட்டு இறங்கியிருப்பேன். அது இருந்ததுனாலதான் காத்துக் கெடந்தேன்.”

தவமணி அடுப்பை அணைத்தார்.

அது ஏற்கெனவே அணைந்திருந்தது.

*

ஜெயசீலி திரையின் முன் உட்கார்ந்தாள்.

மேல்வரிசையின் பேச்சு கூட்டாறு வழியாக, மூன்று டவர்களைச் சுற்றிக்கொண்டு, மேற்கிலிருந்து வந்தது. அதில் பழுது இல்லை. பதில் போகும் வழியை அவள் ஒவ்வொரு படியாகப் பார்த்தாள். அடிவாரத்திலிருந்து இந்தக் கொட்டகை வரை சரியாக வந்தது. இங்கிருந்து கிழக்கே திரும்பியது.

கிழக்கே பழைய ஆண்டெனா. அதற்கு மின்சாரம் இன்னும் போய்க்கொண்டிருந்தது. அதன் முகத்துக்கு நேரே செம்மண்ணும் வானமும் மட்டும் இருந்தன.

ரூட்டர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டே இருப்பவை. ஒரு வழி செத்தால் ஒன்றுக்கொன்று சொல்லி, அரை நிமிடத்தில் வேறு வழியை எழுதிக்கொள்ளும். ஆனால் மனிதர் கையால் ஒரு வழியை எழுதி வைத்தால், தமக்குத் தெரிந்ததை ஒதுக்கிவிட்டு அதையே நம்பும். இதைத் தவமணிக்குச் சொல்லிக் கொடுத்தவள் அவள்தான். கையால எழுதாதீங்க, எழுதினா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிருங்க என்றும் சொல்லியிருந்தாள்.

திரையில் நாற்பது வழிகள். முப்பத்தொன்பதை ரூட்டர்கள் எழுதியிருந்தன. ஒன்று கையால் எழுதியது.

மேல்வரிசைக்கு: கிழக்கே.

கையால் எழுதுகிறவர்கள் பக்கத்தில் ஒரு குறிப்புப் போடுவது வழக்கம். எதற்காக எழுதினோம் என்று பின்னால் வருகிறவருக்குத் தெரிய வேண்டுமல்லவா.

அந்த வரியின் பக்கத்தில் ஒரே ஒரு சொல் இருந்தது.

மாடத்தி அவள் தோளுக்குப் பின்னால் வந்து நின்றாள்.

“என்ன எழுதியிருக்கு தாயி?”

“ஒரு பேரு.”

“யாரு பேரு?”

ஜெயசீலி நாற்காலியைத் திருப்பித் தவமணியைப் பார்த்தாள்.

“வடிவு. என் மக பேரு,” என்றார் தவமணி.

சுவரைப் பார்த்துக்கொண்டு அவர் சொன்னார். மலை சரிந்த மறுநாள் ஆறரை மணிக்குப் பதில் வந்தது, அப்படி ஒரு வீடு இல்லை என்று. அதற்கடுத்த நாளும் வந்தது. மூன்றாம் நாள் அதை வாசிக்க அவரால் முடியவில்லை. அந்த வரியை எழுதினார். அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. ஒன்றும் வராமல் இருந்தது அவருக்குப் போதுமானதாக இருந்தது. அங்கே ஆட்கள் திரும்பிப் போனது அவருக்குத் தெரியாது.

மாடத்தி அவர் பக்கம் வந்தாள்.

“மருந்தகத்து வடிவா?”

அவர் தலையை அசைத்தார்.

“எங்க வீட்டு ஆளுக்கு நெஞ்சு மாத்திரை குடுக்கது அந்தப் பிள்ளைதான். ஒரு நாள் போகலைன்னா வீட்டுக்கே வந்து ஏசும்.”

 திட்டவும் இல்லை, ஆற்றவும் இல்லை. வாசலுக்குப் போய் உட்கார்ந்து, அட்டை கடித்த இடங்களைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டாள். ரத்தம் நிற்காமல் வந்துகொண்டிருந்தது.

*

ஜெயசீலி எழுந்து நாற்காலியை அவர் பக்கம் தள்ளினாள்.

“நீங்களே அழிச்சிருங்களேன், டீச்சர்.”

அவள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டே நின்றாள்.

அவர் உட்கார்ந்தார்.

“அழிச்சா என்ன ஆகும்?”

“ரூட்டர் வேற வழி எழுதிக்கும்.”

“அதுக்குச் சரி. எனக்கு?”

ஜெயசீலி சுவரில் மாட்டியிருந்த பேச்சுப்பெட்டியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டாள்.

அவர் ஒற்றை விரலால் தட்டினார். ஓர் எழுத்து. இன்னோர் எழுத்து. யாரும் கிண்டல் செய்யவில்லை.

வரி அழிந்தது. கொட்டகையில் எதுவும் மாறவில்லை. பச்சை விளக்குகள் முன்போலவே சிமிட்டின.

அரை நிமிடம் கழித்து, அந்த இடத்தில் தானாக ஒரு வரி வந்தது.

மேல்வரிசைக்கு: மேற்கே, கூட்டாறு வழி.

குறிப்பு எதுவும் இல்லை.

வாசலில் ஜெயசீலி பொத்தானை அழுத்தி, மேல்வரிசையில் யாராவது இருக்கிறீர்களா என்று கேட்டாள். கரகரப்பு. பிறகு ஒரு பெண்ணின் குரல்.

“இருக்கோம். ஒம்பது வீடும் இருக்கோம். இந்த மாடத்தி விடியக்காலம் கிளம்பிப் போனவளைக் காணோம். அங்க வந்தாளா?”

மாடத்தி பெட்டியை வாங்கி, வந்திருக்கிறேன், எனக்கும் சேர்த்துக் கஞ்சி வை என்றாள். சரி என்று பதில் வந்தது.

பேச்சு முடிந்த பிறகும் அவள் பெட்டியைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

உள்ளே தவமணி இன்னும் எழுந்திருக்கவில்லை. ஆறரை மணி கடந்து வெகுநேரம் ஆகியிருந்தது. தகரத்தில் வெயில் ஏறியிருந்தது. மருந்தகத்து ரூட்டரின் எண்ணைப் பார்க்காமலே அவர் விரல் தட்டியது.

இருக்கிறாயா.

கடைசித் தட்டலின் சத்தம் ஜெயசீலிக்கு வாசல்வரை கேட்டது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை. அவள் திரும்பி வந்து கதவருகே நின்றாள்.

“அண்ணாச்சி.”

திரையில், மலை சரிந்த மறுநாள் வந்த அதே வரி. அவர் அதிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“பதில் வந்துட்டு, டீச்சர்.”