மூன்று கோட்டும் ஒரு பையும்

"உலகத்தையே ஒத்தைப் பையில சுத்தினவன் நான்" என்று பீற்றிக்கொள்வார் கோயம்புத்தூர் பம்ப்செட் கம்பெனி முதலாளி தாண்டவராயன். மீதி மூட்டையெல்லாம் கூடப் போகிற ஊழியர்கள் தலையில் என்பதை மட்டும் சொல்லமாட்டார்.

இந்தத் தடவை டெல்லிக்குத் தனியாகப் பயணம். மூன்று கம்பளிக் கோட்டு, ஆறு சட்டை, இரண்டு ஜோடி ஷூ எல்லாவற்றையும் அட்டெண்டர் மரகதவல்லி முன்னால் குவித்தார்.

"விமானத்துல கையோட கொண்டுபோற பை, ஏழு கிலோவைத் தாண்டக்கூடாது. ஒண்ணையும் விட்டுட்டும் போகக்கூடாது. முடியலைன்னா நாளைக்கு வேலைக்கு வராதே!"

மரகதவல்லி சட்டைகளை இறுக்கிச் சுருட்டினாள், ஷூவுக்குள் சாக்ஸைத் திணித்தாள். தராசு சரியாக ஏழு காட்டியது. கோட்டுகள் மட்டும் வெளியே கிடந்தன.

"இதெல்லாம்?" என்று உறுமினார்.

"பையைத்தான் சார் எடை போடுவாங்க, உங்களை இல்ல. மாட்டிக்கிட்டுப் போங்க."

விமானத்துக்கு நேரமாகிவிட்டது. மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டியவர், கார் கதவில் சிக்கிக்கொண்டார். மாடி ஜன்னலில் மொத்த ஆபீஸும் சிரித்தது.

"ரெண்டை இங்கேயே வச்சிடு, தாயே" என்றார், பையைத் தூக்கிக்கொண்டு கூட வந்தவளிடம், வியர்வை ஒழுக.

"ஐயோ, விட்டுட்டுப் போனா என் வேலை போயிடுமே சார்!" என்று மூன்றாவது கோட்டுக்கும் பொத்தான் போட்டுவிட்டாள் மரகதவல்லி.