தரையில் படாத தண்ணீர்

எடின்பரோவில் மகள் வீட்டுக்கு வந்திருந்த இசக்கியாபிள்ளைக்கு எழுபத்தொரு வயது. ஊரில் பதினாறு கும்பாபிஷேகம் கண்டவர். பதினாறிலும் செருப்புக் காவல்தான். வாய் திறந்து ஒரு பொறுப்புக் கேட்க அவருக்குக் கூச்சம். அப்படிப்பட்டவரை இங்கே பழைய மண்டபம் ஒன்றில் அமைந்த முருகன் கோயிலின் குருக்கள் தாமே கூப்பிட்டார்.

"நாளை மறுநாள் கும்பாபிஷேகம். மலைத் தண்ணி, ஏரித் தண்ணி, கடல் தண்ணி, வகைக்கு ஒரு குடமா வேணும். ஒண்ணோட ஒண்ணு கலக்கப்படாது. தரையில படப்படாது. சரியா கொண்டு வந்தா, குடத்தைத் தலையில வச்சுக் கலசத்துக்கு ஏறுறது நீங்கதான்."

இசக்கியாபிள்ளைக்குக் கண் கலங்கிவிட்டது.

ஊரிலிருந்து கூடவே வந்திருந்த தம்பி பேச்சிமுத்து, மச்சினன் உலகநாதன், மூன்று செப்புக் குடம், தனி வேன் ஒன்று, அதை ஓட்ட டங்கன் என்ற உள்ளூர்க்காரர். மறுநாள் காலை ஐந்து நாற்பதுக்குப் புறப்பட்டார்கள்.

மலையருவி ஒன்றில் பேச்சிமுத்து முதல் குடத்தை நிரப்பினான். வேனில் ஏறியதும் சிக்கல் வந்தது.

"மடியில வச்சுக்கிடட்டுமா அண்ணாச்சி?"

இசக்கியாபிள்ளை எண்ணிப் பார்த்தார். "மடி சீட்டு மேல. சீட்டு வண்டி மேல. வண்டி எது மேல?"

"தரை மேல," என்றார் உலகநாதன்.

"அப்போ மூணாம் படியில தரைதானல? தூக்கிப் பிடி."

"கையும் எம் உடம்புலதானே இருக்கு?"

"கை தொங்குற சாமான். அது கணக்குல வராது."

ஏரியில் உலகநாதன் இரண்டாம் குடத்தை மொண்டார். இருவரும் குடத்தைத் தலைக்கு மேலே தூக்கியபடி உட்கார்ந்தார்கள். டங்கன் கண்ணாடியில் பார்த்தார். வேண்டுதல் போலிருக்கிறது என்று விட்டுவிட்டார். "அதோ பழைய கோட்டை! அதோ மான்!" என்று காட்டிக்கொண்டே வந்தார். மூவரும் குடத்தையே பார்த்தார்கள்.

மத்தியானச் சாப்பாட்டுக்குக் கை காலியாக இருந்தது இசக்கியாபிள்ளைக்கு மட்டும்தான். அவரே பிட்டுப் பிட்டு ஊட்டினார். தம்பிக்குப் பதினொரு வாய், மச்சினனுக்குப் பதினொரு வாய்.

வெள்ளை மணல் கடற்கரையில் அவர் தம் குடத்தை நிரப்பினார். நாளை தலையில் ஏறப்போகும் குடம் என்று இரண்டு முறை தடவிக்கொடுத்தார்.

திரும்பும் வழி ஒற்றைப் பாதை. வளைவில் நாற்பது ஆடுகள் படுத்திருந்தன. டங்கன் பிரேக் போட்டார். மூன்று குடமும் தளும்பி, ஆளுக்கு ஒரு கை தண்ணீர் வேனுக்குள் கொட்டியது.

"தரையில பட்டுட்டே!" பேச்சிமுத்து அழுதான்.

"பட்டது போட்டும். பாக்கியைப் பத்திரமா வைக்கணும்," என்றார் இசக்கியாபிள்ளை. "குலுங்கினாலும் கொட்டாத பாத்திரம் ஏதாவது இருக்கா?"

உலகநாதன் குடத்தைக் கீழிறக்காமலே சொன்னார். "வயிறு இருக்கே அத்தான். சீட்டுலயும் படாது."

"கலந்துருமே?"

"ஆளுக்கொரு வயிறுல்லா?"

அவரவர் குடத்தை அவரவர் குடித்தார்கள். இசக்கியாபிள்ளைக்குக் கடல். கண்ணை மூடி எண்ணிக்கொண்டே குடித்தார். முப்பத்தொரு மடக்கு. பெட்ரோல் பங்க்கில் டங்கன் வண்டியை நிறுத்திக் கழிப்பறையைக் காட்டினார். மூவரும் ஒன்றுபோலத் தலையாட்டி மறுத்தார்கள். முட்டிகள் மட்டும் ஆடிக்கொண்டிருந்தன.

கோயில் வாசலில் குருக்கள் காத்திருந்தார். குடங்களைக் கவிழ்த்துப் பார்த்தார். "தண்ணி எங்கே?"

இசக்கியாபிள்ளை வயிற்றைத் தொட்டுக் காட்டினார். பிறகு, வாழ்க்கையில் முதல்முறையாக, கூச்சத்தை விட்டு வாய் திறந்தார்.

"சாமி, சுமக்க எனக்குக் கொடுத்துவைக்கலை. குடமே நான்தான். நாளைக்கு என்னை யாராவது தலையில வச்சு ஏத்திருங்க. சாய்ச்சிராதீய. முப்பத்தொரு மடக்கு அப்படியே இருக்கு. வழியில ஒரே ஒரு ஏப்பம் வந்துது, அதை மட்டும் கழிச்சுக்கிடுங்க."