மாலை போட்ட ஸ்மார்ட் போர்டு

விரல் பட்டால் எழுதும் ஸ்மார்ட் போர்டு பள்ளிக்கு வந்தது. தாளாளர் இன்னாசி அதற்குத் தன் கையாலேயே சாமந்தி மாலை போட்டுத் திறந்துவைத்தார். உடனே போர்டு தானாகக் கிறுக்க ஆரம்பித்தது. டீச்சர்கள் திருதிருவென விழித்தார்கள். தாளாளர், காலையில் போர்டைத் துடைத்த ஆயா சூசையம்மாள் பக்கம் திரும்பினார்.

"ஆயா, நீ துடைச்சுத்தான் கெட்டுப்போச்சு! என்ன எழுதுதுன்னு படி, பார்ப்போம். படிக்கலைன்னா நாளைலேர்ந்து வேலைக்கு வராதே."

எழுத்தே தெரியாத சூசையம்மாளுக்கு ஒன்றும் புரியவில்லை. போர்டைப் பார்த்தாள். மின்விசிறியைப் பார்த்தாள். மறுபடி போர்டைப் பார்த்தாள்.

"மாலையைக் கழட்டச் சொல்லுதுங்கய்யா."

எல்லாரும் சிரித்தார்கள். அவள் கழற்றினாள். கிறுக்கல் நின்றது.

"உனக்கெப்படித் தெரிஞ்சுது?" என்றார் தாளாளர்.

"நீங்கல்லாம் எழுத்தைப் பார்த்தீங்க. நான் எழுதுற கையைத் தேடினேன். ஃபேன் காத்துல பூ ஆடிப் போர்டுல உரசுறப்பல்லாம் கோடும் ஆடிச்சு. மாலை போட்டது நான் இல்லீங்களே?"

மாலையை வாங்கிக்கொண்ட தாளாளர், அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார்.