நல்ல மனிதரைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

ஓசூர் நெடுஞ்சாலையோரம் ஒரு நர்சரி இருந்தது. அங்கிருந்து விலைக்குப் போன செடிகள் பிழைப்பதில்லை என்று ஒரு வதந்தி கிளம்பியதும், செடிகளெல்லாம் கூடி ஒரு இணையதளம் தொடங்கின. புதிதாக வீட்டுக்குப் போகும் கன்றுகள் நல்ல மனிதராகப் பார்த்துப் போக வேண்டுமே!

நர்சரிக்காரர் முனிராஜ் தூக்கிப் போட்டிருந்த பழைய போன் கிடைத்தது. முதலில் தொட்டாற்சுருங்கியை எழுத வைத்தன. திரையைத் தொட்ட கணமே அது சுருண்டுகொண்டது. கள்ளி முயன்றதில் திரை கீறிப்போனது. கடைசியில் மணிபிளாண்ட் கொடியை நீட்டித் தட்டியது. என்ன எழுத வேண்டும் என்று சொன்னது குரோட்டன்ஸ். அந்த நர்சரியிலேயே மூத்தது அதுதான்.

"எழுதிக்கோ. போனைப் பாத்துக்கிட்டே நடக்கிற மனுஷன் ஆகாது. குனிஞ்சு பாக்கிற மனுஷன் நல்ல ரகம். அப்பப்போ ஒரு பூ காட்டணும், இல்லேன்னா மனுஷன் வாடிருவான். ஏற்கெனவே செடியைக் கொன்ன கை வந்தா, செத்த மாதிரி தலையைத் தொங்கப் போட்டுரு."

செம்பருத்திக் கன்று வரிவரியாக மனப்பாடம் செய்தது.

ஒரு நாள் ஜெயசீலி வந்தாள். வேலை மாற்றலாகி ஊருக்குப் புதிதாக வந்து, தனியாக இருப்பவள்.

"அண்ணே, எங்கிட்ட வந்த செடி ஒண்ணும் பொழைக்கல. சாகாத செடியா ஒண்ணு குடுங்க."

அவ்வளவுதான். மொத்த நர்சரியும் தலையைத் தொங்கப் போட்டது. ரோஜா இருந்த இதழையெல்லாம் உதிர்த்தது. கள்ளிக்குத் தொங்கத் தெரியவில்லை. தொட்டியோடு குப்புற விழுந்தது.

"ஐயையோ, இப்பத்தானே நல்லா இருந்துச்சு!" என்று முனிராஜ் குழாயைத் திறக்க ஓடினார்.

ஜெயசீலி செம்பருத்தியின் முன் குந்தி உட்கார்ந்தாள். "என்னைப் பாத்ததுக்கே இப்படின்னா, வீட்டுக்கு வந்தா என்ன ஆவீங்க?" என்று சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை.

வாடிய மனிதர் என்பது இதுதானோ என்று செம்பருத்திக்குத் தோன்றியது. "ஐயா, நீங்க எத்தனை வீட்ல இருந்திருக்கீங்க?" என்று குரோட்டன்ஸிடம் கிசுகிசுத்தது.

"ஒரு வீட்லயும் இல்ல. அதனாலதான் உசிரோட இருக்கேன். தலையைத் தூக்காதே!"

செம்பருத்தி நிமிர்ந்துவிட்டது.

வீட்டில் அது பட்ட பாடு கொஞ்சமல்ல. ஆசை மிகுதியில் ஜெயசீலி தண்ணீரைக் கொட்டினாள். வேருக்கு மூச்சு முட்டியது. செம்பருத்தி ஒரு மஞ்சள் இலையை அவள் காலடியில் போட்டது. அவள் பயந்துபோய் ஊற்றுவதையே நிறுத்தினாள், மண் வெடித்தது. செம்பருத்தி இன்னொரு இலையைப் போட்டது. பிறகுதான் அவள் மண்ணில் விரலை விட்டு ஈரம் பார்க்கக் கற்றாள். இருட்டறையிலிருந்து தொட்டியைப் பால்கனிக்குத் தூக்கிப் போனாள்.

முதல் பூ மலர்ந்த காலையில் எதிர்வீட்டுக் கதவைத் தட்டி, "அக்கா, கொஞ்சம் வந்து பாருங்களேன்!" என்று கூவினாள். அந்த ஊரில் அவள் தட்டிய முதல் கதவு அது.

அவள் பால்கனியிலேயே விட்டுப்போன போனில், செம்பருத்தி ஒரு கிளையை வளைத்துச் செடிகளின் இணையதளத்துக்குக் கருத்து எழுதியது: "ரெண்டு இலை போச்சு. பால்கனியில் பூத்திருக்கேன்."

நர்சரியில் மணிபிளாண்ட் அதை வாசித்துக் காட்டியது.

"ஆதாரமில்லாத பேச்சு. அழிச்சிரு," என்றது குரோட்டன்ஸ்.

கொடி திரையை நெருங்கியது.

"இரு, இரு," என்றது குரோட்டன்ஸ், மற்ற செடிகளுக்குக் கேட்காத குரலில். "அதுக்கு முன்னாடி ஒண்ணு கேட்டு எழுது. பால்கனின்னா என்ன?"