உப்புத் தண்ணிப் பழம்

மரக்காணம் தாண்டி கடலோரமா ஒரு ஊரு. அங்க சலூன் கடை வெச்சிருக்காரு சற்குணம். வயசு அம்பத்தஞ்சு. அவரோட குருவுக்கு வயசு முப்பத்தொண்ணுதான். பேரு பூங்கோதை. நாட்டு விதைய ஊர் ஊராப் பரப்புறவங்க. சின்னப் பொண்ணுன்னு சற்குணம் ஒரு நாளும் நெனச்சதில்ல. டீச்சர்னுதான் கூப்புடுவாரு.

நாலு வருஷம் முன்னாடி டீச்சர் அவர் கையில பத்து தர்பூசணி விதை குடுத்தாங்க. விதை எடுத்துத் திரும்பப் போட்டா அதே பழம் வர்ற ரகம். கூடவே ஒரு கட்டளையும் போட்டாங்க.

"நாலாவது வருஷம் வருவேண்ணே. வேற ரகத்தோட கலப்பு ஆகாம இருந்தா ஒரு பிடி விதை திரும்பக் குடுங்க. கெட்டுப்போயிருந்தா யாருக்குமே குடுக்கக்கூடாது."

இதோ வந்துட்டாங்க. கொல்லையில நிக்கிறாங்க. டீச்சரோட பழம் ரெண்டு கையாலயும் தூக்கணும். சற்குணத்தோடது தேங்காயவிட கொஞ்சம்தான் பெருசு. தோலும் தடிமன்.

"நாலு நாளா ஆளு சரியில்ல டீச்சர்," சம்சாரம் பவுனு சொன்னாங்க. "கடைக்கு வந்த ஒருத்தரோட மீசைய கேக்காமலே வழிச்சுட்டாரு. அவருக்கு நாளைக்கு நிச்சயதார்த்தம்."

டீச்சர் சிரிக்கல. கொடியவே பாத்துட்டு நின்னாங்க. பூவுல எல்லாம் முடிக்கு மாட்டுற கிளிப்பு.

"இது என்னண்ணே?"

"கடையில இருந்ததுதான் டீச்சர். சாயங்காலமே மொட்டுக்கு மாட்டிடுவேன். காலைல எடுத்துட்டு, ஆண் பூவ பெண் பூவுல தடவிட்டு மறுபடி மாட்டிடுவேன். பக்கத்து வீட்டுல கடையில வாங்குன தர்பூசணி விதை போட்டிருக்காங்க. அந்தப் பூவுல இருந்து ஒரு தேனீ கூட இதுக்குள்ள வந்திருக்காது."

"ஒரு நாள் கூடவா?"

"ஒரு நாள் கூட."

"எங்கக்கா பொண்ணு கல்யாணத்துக்கே வரல டீச்சர்," பவுனு சொன்னாங்க. "பூ தொறக்குற நேரமாம்."

சற்குணத்துக்கு அதுக்கு மேல தாங்கல.

"அப்புறம் எப்படி டீச்சர் பழம் சிறுத்துச்சு? உங்க விதைய நான் கெடுத்துட்டனா?"

டீச்சர் நேரா போயி குழாயத் தொறந்து ஒரு கை தண்ணி புடிச்சாங்க. வாயில வெச்ச ஒடனே துப்பிட்டாங்க.

"இதையா ஊத்துனீங்க?"

"வேற தண்ணி ஏது டீச்சர். கடல் அந்தா இருக்கு."

"பத்துல எத்தனை பொழைச்சது?"

"முதல் வருஷம் ஒண்ணு. மத்ததெல்லாம் கருகிடுச்சு. அதுல எடுத்துதான் அடுத்த வருஷம் போட்டேன். அதுல நாலு நின்னுச்சு. எது நின்னுச்சோ அதுலதான் எடுத்தேன். இந்த வருஷம் போட்டது அத்தனையும் நிக்குது." சொல்லும்போதே அவரு தலை கொஞ்சம் நிமிந்துச்சு. அப்புறம் பழத்தப் பாத்து தானா குனிஞ்சுடுச்சு.

டீச்சர் கத்தி கேட்டாங்க. காம்புப் பக்கத்துச் சுருள் காஞ்சு பழுத்த பழமாப் பாத்து அறுத்து, ஒரு துண்டு கடிச்சாங்க. கொஞ்ச நேரம் மெல்லவே இல்ல. கண்ண மூடிக்கிட்டாங்க. அப்புறம் முழுத் துண்டையும் சாப்பிட்டு, விதைய ஒண்ணு விடாம உள்ளங்கையில துப்பி எண்ணிப் பாத்தாங்க.

"இதுல பத்து நான் எடுத்துக்கவாண்ணே?"

"எதுக்கு டீச்சர்? நீங்க குடுத்தது மாதிரியே இல்லியே இது."

டீச்சர் அந்தப் பத்து விதையையும் முந்தானையில முடிஞ்சுக்கிட்டாங்க.

"நான் குடுத்தது உங்க உப்புத் தண்ணியக் குடிக்காதுண்ணே. இது குடிக்குது. எங்க போர் தண்ணியிலயும் இந்த வருஷம் உப்பு ஏறிடுச்சு. எப்படி வளக்கறதுன்னு நீங்கதான் வந்து சொல்லித் தரணும்."